49 கிலோமீற்றர்

நீண்ட பதிவு. நேரம் உள்ளவர்கள் வாசியுங்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியில்தான் இது தொடங்கியது. வரைபடத்தில் அளவுத்திட்டம் படிப்பித்துக்கொண்டிருந்தோம். "சேர், நெடுந்தீவுக்கு யாழ்ப்பாணம் கிட்டவா, இந்தியா கிட்டவா?" அடிமட்டத்தை வைத்து அளந்தோம். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணக் கோட்டை நேர்கோட்டில் சுமார் 38 கிலோமீற்றர். இராமேஸ்வரம் சுமார் 49 கிலோமீற்றர். வித்தியாசம் 11 கிலோமீற்றர்தான். பிள்ளைகள் நம்பவில்லை, திரும்ப அளந்தார்கள். அதே விடைதான் வந்தது.

அடுத்த கேள்வி உடனே வந்தது. "அப்ப போக எவ்வளவு நேரம் எடுக்கும் சேர்?"

இதற்கு அடிமட்டம் போதாது. அதனால் வகுப்பில் ஒரு அட்டவணை போட்டோம். ஒரு பக்கம் தூரம், மறுபக்கம் நேரம், நடுவில் எதில் போனார்கள் என்பது. நிரப்பத் தொடங்கிய பிறகுதான், வடக்கின் வரலாறு முழுவதையும் இந்த மூன்று நிரலுக்குள் எழுதலாம் என்று எங்களுக்கே விளங்கியது. சேர்த்தவற்றை இங்கே பகிர்கிறோம்.

முதல் வரியில் புறாவைப் போட்டோம். சிரிக்க வேண்டாம். நெடுந்தீவுக்குப் போனவர்கள் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் பொந்து பொந்தாக நிற்கும் புறாக்கூட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்தர் காலத்தில் கடிதம் கொண்டுபோக வளர்த்த புறாக்களின் கூடு என்று ஊர் சொல்கிறது. பழக்கிய புறா மணிக்கு 60 முதல் 80 கிலோமீற்றர் பறக்கும். 38 கிலோமீற்றருக்கு அரை மணிநேரம், காற்று எதிர்த்தால் இன்னும் பத்து நிமிடம். ஆனால் பலர் கவனிக்காத விடயம் ஒன்று உண்டு. புறா தன் கூட்டுக்குத்தான் திரும்பும், போகச் சொன்ன இடத்துக்குப் போகாது. ஆகவே நெடுந்தீவுக் கூட்டில் வளர்ந்த புறாவைப் படகில் யாழ்ப்பாணம் கொண்டுபோய்ப் பறக்கவிட்டால்தான் நெடுந்தீவுக்குச் செய்தி வரும். அரை மணிநேரப் பறப்புக்கு முன்னால் ஒரு படகுப் பயணம் இருந்தே ஆகவேண்டும். இன்றைய விமானப் பயணமும் அப்படித்தான் இருக்கிறது, பின்னால் சொல்கிறோம்.

இன்று அதே 38 கிலோமீற்றரை மனிதன் கடப்பது எப்படி? மாவிலித்துறையில் படகேறி குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று படகுகளின் பெயரெல்லாம் தீவார் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் போலச் சொல்லப்படும். அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ்ப்பாணம். காத்திருப்பையும் சேர்த்தால் மூன்று மணிநேரம். சோளகம் அடிக்கும் மாதங்களில் இந்தக் கணக்கும் பிழைக்கும். குமுதினி என்று எழுதிய பிறகு 1985 மே 15ஐச் சொல்லாமல் போகமுடியாது. அன்று அந்தப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கு மேற்பட்டோரை வெட்டிக் கொன்றார்கள். ஒரு மணிநேரப் பயணத்துக்குப் புறப்பட்டவர்கள் அவர்கள்.

இரண்டாவது வரி பாய்த்தோணி. 49 கிலோமீற்றர் என்பது கடல் கணக்கில் 26 மைலுக்குச் சற்று அதிகம். நல்ல காற்றில் தோணி மணிக்கு ஐந்து கடல் மைல் ஓடினால் ஐந்து மணிநேரம் வரும். கொண்டலும் சோளகமும் பார்த்துப் பாய் கட்டத் தெரிந்த தண்டையலுக்கு இராமேஸ்வரம் ஒரு பகல் பயணம்தான். நடுவில் கச்சதீவு, நெடுந்தீவிலிருந்து 24 கிலோமீற்றர். களைத்தால் ஒதுங்க, வலை காயவைக்க ஒரு திட்டு.

இந்தக் கடலில் பயணம் எவ்வளவு பழையது என்பதற்கு நயினாதீவில் ஒரு கல் நிற்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்று சொல்லி, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்றும் அது விதிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசின் பண்டாரத்துக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. பொலன்னறுவையில் இருந்த சிங்கள அரசன், தீவில் நிற்கும் கல்லில், தமிழில், பிறநாட்டு வணிகனுக்கு எழுதிவைத்த உறுதி அது. குதிரைக்கு ஏன் சலுகை என்று பிள்ளைகள் கேட்டார்கள். குதிரை இங்கே பெருகாத பண்டம், படைக்கு வேண்டும், கடல்தாண்டிக் கொண்டுவருபவன் பயந்து நின்றுவிட்டால் அரசனுக்குத்தான் நட்டம். அந்தக் குதிரை வணிகத்தில் அரபுக்காரரும் நம் கரையோர முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பது தெரிந்ததே. ஊராத்துறைதான் இன்றைய ஊர்காவற்றுறை.

நெடுந்தீவில் இன்றும் குதிரைகள் திரிகின்றன. அவை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து வளர்ப்பின் எச்சம். அதைவிடத் தூரத்திலிருந்து வந்தது பெருக்கமரம். அதன் தாயகம் ஆபிரிக்கா. அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பது வழக்கு. பிள்ளைகளுடன் மொம்பாசாத் துறையிலிருந்து அளந்து பார்த்தோம், 4,700 கிலோமீற்றர் அளவில் வந்தது. ஜெட் விமானத்தில் ஆறு மணிநேரம். அந்த மரத்தின் விதை வந்த காலத்தில் ஒரு பருவக்காற்றில் வந்து, அடுத்த பருவக்காற்று திரும்பும்வரை கரையில் கிடந்து, பிறகுதான் ஊர் போகலாம். அரபு மாலுமிகள் நம் கரைகளில் வீடு கட்டிக் குடும்பமானதற்குக் காற்றின் இந்தக் கால அட்டவணையும் ஒரு காரணம். பெருக்கமரப் பொந்துக்குள் ஆள் நுழைந்து நிற்கலாம். பிள்ளைகள் எல்லோருக்கும் அதற்குள் நின்று படம் எடுக்கத்தான் ஆசை!

மூன்றாவது வரி ரயிலும் கப்பலும். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. நடுவில் கடல் 35 கிலோமீற்றர்தான். சென்னையில் ஏறி கொழும்பில் இறங்கலாம். 1964 டிசம்பரில் வந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடி, 1980களின் கலவரத்தோடு அதுவும் நின்றது. இந்தப் பாதை மன்னாருக்குக் கீழே போனதால் நெடுந்தீவாருக்குப் பெரிதாகப் பயன்படவில்லை. ஆகவே அதை ஒரு வரியோடு விட்டுவிட்டு விமானத்துக்கு வருவோம். பிள்ளைகள் காத்திருந்தது இதற்குத்தான்.

பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்டது. போர் முடிந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி, நாடு சுதந்திரம் அடைய இரண்டு மாதம் இருக்கும்போது, ஏர் சிலோன் தன் முதல் பயணத்தை நடத்தியது. இரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னை போனது. காங்கேசன்துறை என்றால் பலாலிதான். விமானம் ஒரு டகோட்டா, பெயர் சீதா தேவி. இலங்கையின் தேசிய விமானச் சேவை முதல் நாளே யாழ்ப்பாணத்தைத் தொட்டுத்தான் வெளிநாடு போனது என்பதை எங்கள் பாடப் புத்தகத்தில் நாங்கள் பார்த்ததில்லை.

கணக்கைப் பாருங்கள். இரத்மலானை முதல் பலாலி 330 கிலோமீற்றர், பலாலி முதல் சென்னை 355 கிலோமீற்றர். கொழும்பைவிடச் சென்னை 25 கிலோமீற்றர்தான் அதிகம். டகோட்டா மணிக்கு 270 கிலோமீற்றர் அளவில் பறக்கும். ஏறி இறங்குவதையும் சேர்த்தால் பலாலியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணிநேரம்.

இன்று? 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னைச் சேவையைத் தொடங்கியது. ஏ.டி.ஆர். 72 என்ற, விசிறி சுழலும் எழுபது இருக்கை விமானம். அது மணிக்கு 500 கிலோமீற்றர் பறக்கும். இங்கேதான் வகுப்பில் சண்டை. "355ஐ 500ஆல் பிரித்தால் 43 நிமிடம்தானே சேர், ரிக்கெற்றில் ஏன் ஒன்றேகால் மணிக்கு மேல் போட்டிருக்கிறார்கள்?"

நல்ல கேள்வி. நாம் படிக்கும் தூரம், வேகம், நேரச் சமன்பாடு ஒரே வேகத்தில் ஓடும் பொருளுக்கு. விமானம் அப்படி ஓடுவதில்லை. கால அட்டவணையில் உள்ள நேரம் சக்கரம் நகரத் தொடங்குவதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, சென்னை போன்ற இடத்தில் வரிசையில் நிற்பது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்குமுன் வேகம் குறைப்பது, காற்றின் திசை பார்த்துச் சுற்றி வருவது எல்லாம் அதற்குள் அடக்கம். இவை குறுகிய பயணத்துக்கும் நீண்ட பயணத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு. இதற்குத் திருச்சி நல்ல சாட்சி. 2025 மார்ச் 30இலிருந்து இண்டிகோ திருச்சிக்கும் பலாலிக்கும் பறக்கிறது. தூரம் 184 கிலோமீற்றர், சென்னையின் பாதி. நேரம் பாதியாகவில்லை, ஏறத்தாழ ஒரு மணிநேரம். பறக்கும் பகுதியை மட்டும் கணக்கிட்டால் 22 நிமிடம், மிச்சமெல்லாம் ஏறுவதும் இறங்குவதும்.

ஆக 1947இல் ஒன்றரை மணிநேரம், 2019இல் ஒன்றேகால் மணிநேரம். 72 ஆண்டுகளில் மிச்சம் பிடித்தது கால் மணிநேரம்.

ஆனால் அந்த 72 ஆண்டுகளுக்கு நடுவில் என்ன இருந்தது என்பதுதான் அட்டவணையில் எங்களை நிறுத்திய இடம். 1978 செப்டெம்பர் 7ஆம் திகதி, ஏர் சிலோனின் அவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த நிறுவனமே மூடப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பலாலிக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே பயணிகள் விமானம் இல்லை. அந்தக் காலத்தில் சென்னை போக விரும்பிய யாழ்ப்பாணத்தான் முதலில் தெற்கே 400 கிலோமீற்றர் பஸ்ஸிலோ ரயிலிலோ கட்டுநாயக்கா போகவேண்டும், பாதை திறந்திருந்தால். அங்கிருந்து சென்னைக்கு 650 கிலோமீற்றர். வரைபடத்தில் கட்டுநாயக்காவையும் சென்னையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலாகவே போகும். இரவு முழுக்கப் பயணம் செய்து போனவன், பிறகு தன் வீட்டுக் கூரைக்கு மேலாகப் பறந்து போயிருக்கிறான்.

பாதை திறந்திருந்தால் என்று எழுதினோம். ஏ9 மூடியிருந்த ஆண்டுகளில் கொழும்புக்கு வழி கப்பல், அல்லது பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். 330 கிலோமீற்றர், ஒரு மணிநேரத்துக்குச் சற்று அதிகம். 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியில் ஏறிய லயன் ஏர் அன்டனோவ் விமானம் பத்து நிமிடத்தில் தொடர்பை இழந்தது. 55 பேர். புலிகள் சுட்டு வீழ்த்தினார்கள் என்பதே பொதுவாக ஏற்கப்பட்டது. அதன் சிதைவுகள் இரணைதீவுக் கடலின் அடியில் 2012இல்தான் கண்டெடுக்கப்பட்டன. ஒரு மணிநேரப் பயணத்துக்கு ஏறியவர்களின் உடைகளை அடையாளம் காட்ட அவர்கள் வீட்டார் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். அட்டவணையில் நேரம் என்ற நிரலில் இதை எப்படி எழுதுவது என்று பிள்ளைகள் கேட்கவில்லை. நாங்களும் எழுதவில்லை, கோடு போட்டு விட்டுவிட்டோம்.

எங்களுடைய ஒரு வரியும் உண்டு. சோனகத் தெருவில் பிறந்தவர்களுக்கு அது மனப்பாடம். 1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறத் தரப்பட்ட நேரம் இரண்டு மணி. வடக்கு முழுவதிலிருந்தும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட நம்மவர் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இறங்கினோம். போக இரண்டு மணிநேர அவகாசம், திரும்பி வர எத்தனை ஆண்டு என்பதற்கு இன்னும் விடை எழுதாத குடும்பங்கள் உண்டு. 2002இல் ஏ9 திறந்தபோது வந்து பார்த்தோம், வீட்டில் கூரை இல்லை. 2006 ஓகஸ்டில் திரும்ப மூடினார்கள். எங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலரின் வாப்பாமார் புத்தளத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள். ஆகவே நெடுந்தீவின் தூரத்தை இந்தப் பிள்ளைகள் அளப்பது வெறும் புவியியல் பாடம் என்று எங்களால் நினைக்க முடியவில்லை. இதே நியாயத்தோடு இன்னொன்றையும் சொல்லவேண்டும். பலாலி விமான நிலையத்தைச் சுற்றியுள்ள காணிகளுக்குச் சொந்தக்காரரான வலிகாமம் வடக்குத் தமிழர்களில் ஒரு பகுதியினர் இன்னும் தங்கள் நிலத்துக்குத் திரும்பவில்லை. நாம் விமானமேறும் இடம் யாரோ ஒருவரின் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சரி, பிள்ளையின் கேள்விக்கு வருவோம். இன்று நெடுந்தீவார் ஒருவர் சட்டப்படி இராமேஸ்வரம் போவது எப்படி? குறிகட்டுவானுக்குப் படகு 10 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்துக்கு பஸ் 30க்குச் சற்று மேல், பலாலிக்கு இன்னும் 18, திருச்சிக்கு விமானம் 184, திருச்சியிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வீதியால் 230. கூட்டினால் ஏறக்குறைய 475 கிலோமீற்றர். 49க்குப் பத்து மடங்கு. அதிகாலைப் படகைப் பிடித்து எல்லாம் ஒழுங்காக நடந்தால் நள்ளிரவில் போய்ச் சேரலாம். ஒன்று பிந்தினால் மறுநாள். கடவுச்சீட்டும் விசாவும் எடுக்கும் நாட்கள் தனி.

கப்பலும் வந்திருக்கிறது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் சேவை தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் சிவகங்கை என்ற கப்பலோடு திரும்பத் தொடங்கியது. 60 கடல் மைல், நாலு மணிநேரம். நாகபட்டினத்தில் இறங்கினால் நாகூர் கூப்பிடு தூரம். கந்தூரிக்குத் தோணியில் போய்வந்த கதையைச் சொல்லும் மூத்தவர்கள் நம் தெருவில் முன்பு இருந்தார்கள். பருவமழைக் காலத்தில் இந்தக் கப்பல் நிற்கும், பிறகு ஓடும். காற்றின் அட்டவணை இன்னும் முழுதாக மாறவில்லை.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நெடுந்தீவின் பெயர் இப்போது வருவது ஒரே செய்தியில்தான்: நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது. அங்கே அது ஒரு பக்கக் கதை. இங்கே நெடுந்தீவு மீனவன் இரவில் விரித்த வலையைக் காலையில் இழுவைமடி அள்ளிப் போயிருக்கும், கடனுக்கு வாங்கிய வலை. இரண்டு பக்கமும் ஏழைகள்தான், ஆனால் நட்டம் ஒரே அளவு இல்லை என்பது எங்கள் கருத்து. அதே கடலில்தான் ஆண்டுக்கு ஒருமுறை கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இரு கரையாரும் படகில் போய்ச் சந்திக்கிறார்கள். 1974 ஒப்பந்தப்படி அதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம். அந்த இரண்டு நாளும் 49 கிலோமீற்றரில் பாதியாவது பழைய நேரத்துக்குத் திரும்பிவிடுகிறது. கேள்வி கேட்ட பிள்ளை இதைக் கேட்டதும் அட்டவணையில் அதற்கும் ஒரு வரி போட்டுவிட்டாள்.

இந்த அட்டவணையில் ஒரு கட்டம் இன்னும் எங்கள் கணக்கால் மட்டுமே நிரம்பியிருக்கிறது. பாய்த்தோணி, ஐந்து மணிநேரம் என்று எழுதினோமே, அது. நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, நயினாதீவுப் பக்கம் உறவுள்ளவர்கள் இதை வாசித்தால், தோணியில் இராமேஸ்வரம் போய்வந்த பெரியவர் யாராவது வீட்டில் இருக்கிறாரா என்று கேளுங்கள். எந்த மாதம், என்ன காற்று, எத்தனை மணிக்குப் பாய் விரித்து எத்தனை மணிக்குக் கரை கண்டார்கள் என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகள் திங்கட்கிழமை பார்ப்பார்கள்.